எஃப்127 வைத்து நுண்துளை டைட்டானியா படலம் செய்வது எப்படி

டைட்டானியாவில், அதாவது டைட்டானியம் டைஆக்சைடில், சில நானோமீட்டர் துளைகள் வரிசையாக வேண்டுமா? துளை இருக்க வேண்டிய இடத்தில் பிளாக் கோபாலிமரை (வெவ்வேறு குணமுள்ள பாலிமர் துண்டுகள் கோத்த சங்கிலி) உட்கார வைத்து, சுற்றிலும் ஆக்சைடு இறுகியதும் பாலிமரை எரித்துவிட்டால் போதும். நான் எடுப்பது புளூரோனிக் எஃப்127: நடுத்துண்டுக்குத் தண்ணீர் ஆகாது, இரண்டு ஓரத்து வால்களுக்கும் தண்ணீர்தான் பிடிக்கும். அதே புளூரோனிக் வகையைச் சேர்ந்த பி123-உம் நடக்கும், ஆனால் அது மெழுகுக் களிம்பு மாதிரி கரண்டியில் ஒட்டிக்கொண்டு எடை போடுவதற்குள் பொறுமையைச் சோதிக்கும்.

23 மி.லி. எத்தனாலை ஐஸில் வைத்து, 1.1 மி.லி. டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காற்றின் ஈரம் பட்டாலே அமிலப் புகை கிளம்பும், அதனால் ஃப்யூம் ஹூடுக்கு (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வெளியே பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அப்புறம் 0.63 கிராம் எஃப்127; தெளிவாகக் கரைந்த பின் 1.8 மி.லி. தண்ணீர். தனியாக அமிலம் வேண்டாம், குளோரைடிலிருந்து வரும் அமிலமே டைட்டானியா அவசரமாகக் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும்.

இந்தக் கரைசலில் சிலிக்கான் வேஃபரை (மெல்லிய சிலிக்கான் தகடு) முக்கி விநாடிக்கு 1-2 மி.மீ. வேகத்தில் மேலே இழுங்கள். சாதாரணக் கண்ணாடி வேண்டாம், அதிலுள்ள சோடியம் மேலேறி டைட்டானியா அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு மாறுவதைக் கெடுக்கும். எத்தனால் ஆவியாக ஆவியாக மைசெல்கள் (பாலிமர் சங்கிலிகள் சேர்ந்த நுண்ணிய உருண்டைகள்) உருவாகி அடுக்கிக்கொள்ளும், அதுவரை டைட்டானியா இளகியே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரப்பதம். ரொம்பக் காய்ந்திருந்தால் ஒழுங்கு வருமுன்பே இறுகிவிடும், மழைநாளில் திறந்த அறையில் இழுத்த என் படலம் ஒருமுறை பால் மாதிரி வெளுத்தே போனது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைவுற்ற கரைசலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், 25 டிகிரியில் ஈரப்பதம் 53 சதவீதத்தில் நிற்கும். இழுப்பதும் அதற்குள்ளேயே முடிந்தால் நல்லது, இல்லையென்றால் இழுத்த உடனே உள்ளே வைத்து ஒரு நாள் விடுங்கள்.

பிறகு 60 டிகிரியில் ஒரு நாள், 130-இல் ஒரு நாள், கடைசியில் ஃபர்னஸில் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 350 வரை ஏற்றி 2 மணி நேரம். அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். அடிப்பரப்பு பிடித்துக்கொள்வதால் படலம் பக்கவாட்டில் சுருங்க முடியாது, தடிமனில் மட்டும் சுருங்கும். ஆகவே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துளைகள் நசுங்கிய முட்டை போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

படிகம் இன்னும் நன்றாக வர வேண்டுமென்று 500-ஐத் தாண்டி ஏற்றினால், படிகங்கள் துளைகளுக்கு இடையிலுள்ள சுவரைவிடப் பெரிதாகித் துளைகள் சரிந்துவிடும். அதற்கு எஃப்127 சரிவராது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு 2008-இல் காட்டிய வழி வேண்டும்: பாலிஐசோப்ரீன் துண்டு உள்ள கோபாலிமரைக் காற்றில்லாமல் சூடாக்கினால் மிஞ்சும் கரி, உள்ளிருந்து சுவரைத் தாங்கிப் பிடிக்கும், அந்தக் கரியைக் கடைசியில் காற்றில் எரித்து எடுக்கலாம்.