புழக்கடையிலிருந்து தொடங்குங்கள்: மாடல் ரயிலுக்குச் சென்னைக் கட்டிடங்கள் செய்வது

மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். கடைகளின் முகப்பு அதிகம் கண்ணில் படாது. பூச்சு உதிர்ந்த பின்சுவர், அதில் இறங்கும் குழாய்கள், மொட்டை மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் புடவை என்றுதான் வரிசையாக ஓடும். நகரத்து மாடல் ரயில் செய்ய ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ரயிலுக்குத் தெரிவது ஊரின் புழக்கடை, அதைக் கட்டுங்கள். முகப்பு பிறகு வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.

கடையில் விற்கும் கிட்டுகளை, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டிகளை, வைத்து இதைச் செய்ய முடியாது. ஜெர்மன் கிட் வாங்கினால் பனி சரிந்து விழுவதற்கான செங்குத்துக் கூரை வரும், ஜப்பான் கட்டிடங்கள் 1:150 அளவில் (நிஜத்தில் 150இல் ஒரு பங்கு) மிக அழகாக இருக்கும் ஆனால் நம் சன்ஷேடும் கம்பி கிரில்லும் அவற்றில் இருக்காது. ஆக அட்டையும் கட்டரும்தான் வழி. நான் செய்வது 'என்' ஸ்கேல், அதாவது 1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ. நம் அகலப்பாதை 1676 மி.மீ, அதை 160ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.5 வருகிறது, எனவே பாதை கொஞ்சம் ஒடுக்கம்தான், ஆனால் சுற்றியுள்ள கட்டிடங்கள் சரியாக இருந்தால் கண்ணை உறுத்துவதில்லை. 1931 முதல் 2004 வரை தாம்பரம் வழித்தடத்தில் ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயிலைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இன்னும் சிறிய 'இசட்' ஸ்கேலின் 6.5 மி.மீ தண்டவாளம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்றே ஒன்று. 1 அடி என்றால் 1.9 மி.மீ. அதிலிருந்து எல்லாம் வந்துவிடும்: 10 அடி உயர மாடி 19 மி.மீ, 7 அடிக் கதவு 13 மி.மீ, மொட்டை மாடியின் 3 அடிக் கைப்பிடிச்சுவர் 6 மி.மீக்குச் சற்றுக் குறைவு, ஆள் உயரம் 10 அல்லது 11 மி.மீ. பிடித்த கட்டிடத்தைத் தெருவிலிருந்து நேருக்கு நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கும் கதவை 7 அடி என்று வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும், டேப் தேவையில்லை. இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. 9 அங்குலச் சுவர் இந்த ஸ்கேலில் 1.4 மி.மீ, படச்சட்டம் போடும் கடைகளில் கிடைக்கும் மவுண்ட் போர்டின் தடிமனும் கிட்டத்தட்ட அதுதான். 1 மி.மீ அட்டை ஒரு படிக்கட்டின் உயரம், அதை 1.6 மி.மீ பின்தள்ளிப் பின்தள்ளி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் மாடிப்படி தயார்.

நல்ல அட்டையில் கை வைப்பதற்கு முன் பழைய பிஸ்கட் பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து, ரயில் பாதை போட்ட பலகையில் நிறுத்திப் பாருங்கள். நான் இரண்டு நாளாவது அப்படியே வைத்திருப்பேன். உயரம் அதிகமா, பக்கத்துக் கட்டிடத்தோடு ஒட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். 120 செ.மீ பலகை நிஜத்தில் 192 மீட்டர்தான், அதனால் முழுக் கட்டிடத்துக்கு எப்போதும் இடம் போதாது. பின்வரிசையில் நிற்பவற்றை 2 அல்லது 3 செ.மீ ஆழத்துக்கு மட்டும் செய்து மீதியைப் பின்னணித் திரைக்குள் மறைத்துவிடலாம்.

சுவரை வெட்டும்போது புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், ஒரே அழுத்தில் இல்லாமல் நாலைந்து தடவை மெதுவாக இழுப்பது, இவ்வளவுதான் நுட்பம். ஜன்னல் ஓட்டைகளைச் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், மூலையிலிருந்து நடுவை நோக்கி. நான் கட்டிய முதல் மூன்று மாடிக் கட்டிடம் நவம்பர் மழையில் வில்லாக வளைந்துபோனது, மிகவும் வருத்தப்பட்டேன். வெள்ளைப் பசையை அள்ளிப் பூசியதும், வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர்ப் பெயின்ட் அடித்ததும்தான் காரணம். இப்போது வெட்டியவுடன் இரண்டு பக்கமும் வார்னிஷ் ஒரு கோட் பூசிக் காயவிடுகிறேன், உள்ளே 4 செ.மீக்கு ஒரு குறுக்கு அட்டை வைக்கிறேன், அது மாடித்தளமாகவும் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு எதுவும் வளையவில்லை. மூலையில் அட்டையின் வெட்டு தெரியாமல் இருக்க, மெல்லிய தாளைச் சுற்றிலும் ஒரே துண்டாக ஒட்டிவிடுவது 45 பாகையில் சீவுவதைவிட எளிது.

கிரில்லைக் கம்பியால் செய்ய முயல வேண்டாம். கம்ப்யூட்டரில் 0.65 மி.மீ இடைவெளியில் மெல்லிய கோடுகள் வரைந்து ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரின்ட் எடுத்து உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடியும் கிரில்லும் ஒன்றாக முடிந்தது. சன்ஷேடுக்கு 4 மி.மீ அகலத் தாள்பட்டை போதும், ஆனால் ஒரு ஜன்னலுக்கும் அதை விட்டுவிடாதீர்கள், நம் கட்டிடத்தை நம் கட்டிடமாகக் காட்டுவதே அந்தப் பட்டையும் அதன் நிழலும்தான்.

அப்புறம் மொட்டை மாடி. மேசைமேல் இருக்கும் மாடலைப் பார்க்கிறவர்கள் மேலிருந்துதான் பார்க்கிறார்கள், ஆகவே இங்கே செலவழிக்கும் நேரம் வீணாகாது. பறக்கும் ரயில் பாதையைச் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், தண்டவாளமே மாடி உயரத்தில் போகிறதே. 1000 லிட்டர் தொட்டி சுமார் 7 மி.மீ விட்டம் வரும், உருண்டையான பென்சிலும் அதே அளவு. 7 மி.மீ நீளத்துக்கு வெட்டி, மேலே ஒரு சின்ன மூடி ஒட்டி, பளபளப்பு இல்லாத கருப்பு அடித்தால் போதும். 4 அங்குலக் குழாய்க்கு 0.6 மி.மீ காயில் வயர், அதாவது மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி. குறடால் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் அம்பு மாதிரி நேராகிவிடும், பிறகு வளைக்க வேண்டிய இடத்தில் வளைக்கலாம். தொட்டியிலிருந்து குழாய் எங்கே இறங்குகிறது, எந்தக் குளியலறைக்குப் போகிறது என்று யோசித்து வையுங்கள். தோன்றிய இடத்தில் ஒட்டிய குழாயை, வீடு கட்டிக் குடியிருக்கும் எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த மாடி எழுப்புவதற்காக நீட்டி விட்ட தூண் கம்பிகளையும் மறக்க வேண்டாம், துருப்பிடித்த நிறத்தில் நாலைந்து மெல்லிய கம்பிகள், அவ்வளவே.

நிறத்தில் தயங்காதீர்கள். ரோஸ், பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெள்ளையும் துளி சாம்பலும் கலந்து மங்கலாக்குங்கள், டப்பாவில் இருந்தபடியே அடித்தால் பொம்மையாகத் தெரியும். சுவருக்குச் சொரசொரப்பு வேண்டாம். 1 மி.மீ மணல் துகள் என்பது இந்த ஸ்கேலில் 16 செ.மீ கல். வேண்டுமானால் பெயின்டில் முகப்பவுடர் சிறிது சேர்க்கலாம். காய்ந்ததும் நிறையத் தண்ணீர் கலந்த கருப்பைக் கைப்பிடிச்சுவரின் கீழும் சன்ஷேடின் ஓரத்திலும் தொட்டு, மழைநீர் வழிகிற திசையில், அதாவது நேர் கீழே, இழுங்கள். குழாய் மூட்டுகளின் அடியில் பாசிப்பச்சை. நல்ல மழைக்கு அடுத்த நாள் உங்கள் தெருவையே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து செய்தால் கை தானாகப் போகும்.

பெயர்ப்பலகையில் 1 அடி எழுத்து 2 மி.மீக்குள் அடங்கும், நல்ல பிரின்டரில் தமிழ் தெளிவாகவே வருகிறது. போட்டோ பேப்பரின் பின்தாளை உரித்துவிட்டு, ஓரத்தைக் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடவிய பிறகு ஒட்டுங்கள். விளக்குக்கு மஞ்சள் எல்இடி வேண்டாம், நம் வீடுகளில் பெரும்பாலும் டியூப்லைட் வெளிச்சம்தானே, வெள்ளையே சரி. 12 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் இந்த அளவு வீட்டுக்கு வெளிச்சம் அதிகம், 4.7 கிலோஓம் வைத்தால் இதமாக இருக்கும். உள்சுவருக்குக் கருப்பு அடித்து, நாலைந்து ஜன்னலில் மட்டும் எரியவிடுங்கள்.

கடைசியில் கட்டிடத்தை அதன் இடத்தில் நிறுத்துவதற்கு முன் ஒரு சோதனை. நம் ரயில்களின் பழைய வகையான ஐசிஎஃப் பெட்டி இந்த ஸ்கேலில் 133 மி.மீ நீளம், புதிய வகையான எல்எச்பி 147, வளைவில் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நன்றாகவே தள்ளும். உங்களிடம் உள்ளதில் மிக நீளமான பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், எல்லாச் சுவரையும் சன்ஷேடையும் தொடாமல் கடக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் அடித்தளத்தைப் பலகையில் ஒரு மி.மீ பள்ளத்தில் இறக்கி, சுவரோரம் மண்ணைத் தூவி இடைவெளியை மூடுங்கள். கட்டிடத்தை மட்டும் ஒட்டாதீர்கள், விளக்கு கெட்டால் தூக்க வேண்டியிருக்கும்.