மதுரைப் பக்கம் கல் சேர்க்கிறீர்களா? இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள்

யாராவது தங்கள் கல் சேகரிப்பைக் காட்டக் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது கல்லை அல்ல, கல்லோடு சீட்டு இருக்கிறதா என்பதை. பெரும்பாலும் இருக்காது. "இது எங்க எடுத்தது?" என்று கேட்டால் "அழகர்கோவில் பக்கம்னு நினைக்கிறேன்... இல்ல, நத்தம் போனப்பவா?" என்று இழுப்பார்கள். அதோடு அந்தக் கல் ஜல்லிக்கணக்கில் சேர்ந்துவிட்டது. கல்லின் பெயரைப் பத்து வருடம் கழித்துக்கூட நிலவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் எங்கே கிடந்தது என்பதை எடுத்தவர்தான் சொல்ல முடியும், அதுவும் ஞாபகம் இருக்கிறவரைக்கும்தான்.

அதனால் எடுத்த இடத்திலேயே எழுதுங்கள். ஊர், ஓடையா குவியலா, தேதி, தானாக உதிர்ந்து கிடந்ததா பாறையிலிருந்து பெயர்ந்ததா, போனில் வரும் இடக்குறி. வெறும் துண்டுச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். ராமபாணப் பூச்சி தின்னும், போகிக்கு வீடு ஒதுங்கவைக்கும்போது சீட்டு ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் போகும். கல்லின் அடிப்பக்கத்தில் ஒயிட்னர் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அழியாத பேனாவால் எண் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. அந்த எண்ணுக்கான விவரம் நோட்டில் இருக்கட்டும்.

கடைப் பெயரை ஊர்ப் பெயராக எழுதிவைப்பதும் இதே ரகத் தவறுதான். காஷ்மீர் ஒயிட் என்று கிரானைட் கடையில் விற்கிறார்களே, அது மேலூர்ப் பக்கத்துக் கல். வெள்ளையில் தெரியும் அந்தக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற தாது. காஷ்மீரில் எடுத்தது என்று சீட்டு எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு!

அடுத்தது, மலைக்குப் போய் ஒரு துண்டு உடைத்து வருவது. இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் சும்மா கிடக்கும் பாறைகள் அல்ல. யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி என்று எங்கே பார்த்தாலும் சமணர் படுகை, சிற்பம், கல்வெட்டு இருக்கிறது. மாங்குளத்துத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளுக்கு வயது 2000 ஆண்டுக்கு மேல். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. "சின்னத் துண்டுதானே" என்று வருகிற ஒவ்வொருவரும் நினைத்தால் என்ன மிஞ்சும்? அழகர் மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் கல்லும் வனப்பொருள் கணக்கில்தான் வரும், அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது.

மலைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. வீடு கட்டும் இடத்தில் கொட்டிய ஜல்லி, புதிதாகக் கிணறு வெட்டிய இடத்துக் கல்குவியல், கிரானைட் பட்டறையில் ஒதுக்கிப்போட்ட வெட்டுத்துண்டு, இவைதான் நல்ல சுரங்கம். வெயில் மழை படாத புதுக் கல் அங்கேதான் கிடைக்கும். உரிமையாளரிடம் "அண்ணே, ரெண்டு கல்லு எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். சிரிப்பார்கள், ஆனால் இல்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. கார்னெட், காக்காப்பொன் (மைக்கா), வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), ரோஸ் நிற பெல்ட்ஸ்பார் தாது, நீலம் ஓடிய கருங்கல் எல்லாம் ஒரே குவியலில் வரும். கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் மட்டும் இறங்காதீர்கள். மழைத்தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது, வெடிவைத்துத் தளர்ந்த ஓரம் காலடியில் பெயர்ந்துவிடும்.

கையில் எடுத்த கல்லில் துளை போட்டிருந்தால் அது பழங்கால மணியாக இருக்கலாம், உங்கள் சேகரிப்புக்கு உரியதே அல்ல. வைகைக் கரை ஊர்களில் இது நிஜமாகவே நடக்கும். கீழடி அகழாய்வில் சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணிகளும் அகேட் என்ற வரிக்கல் மணிகளும் கிடைத்திருக்கின்றன, சூதுபவளம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மழை பெய்து மண் கரைந்த வயலில் அப்படி ஒரு செம்மணி கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு வி.ஏ.ஓ-விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். 1878-இல் வந்த புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்தான், இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

புதைபடிவம் தேடி மதுரைக் குன்றுகளைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்குள்ள பாறைகள் பூமிக்கு அடியில் பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்து உருமாறியவை, அதில் சிப்பியும் இலையும் தங்காது. கல்லைப் பிளந்தால் உள்ளே பெரணி இலை மாதிரி கறுப்பாகக் கிளை விட்டிருக்குமே, அது செடியே அல்ல. விரிசலில் ஊறிய மாங்கனீசு தாது அப்படிப் படிந்திருக்கிறது. புதைபடிவம் பார்க்க ஆசை என்றால் பஸ் ஏறி அரியலூர், பெரம்பலூர் போங்கள். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல். வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. ஆனால் உருண்டையாகக் கிடப்பதையெல்லாம் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படித்தான் ஊரே திரண்டது, கடைசியில் அவை வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

உடைப்பது பற்றிச் சுருக்கமாக: ஆசாரியின் ஆணிச் சுத்தியல் வேண்டாம், அதன் முனை சிம்பு தெறிக்கும். கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். வெங்கச்சங்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கல்லை நனைத்துக்கொண்டு முகமூடியோடு அடியுங்கள்.

வாங்கும்போது பெரும்பாலும் ஏமாறுவது ஸ்படிகத்தில். மாலையும் லிங்கமும் கண்ணாடியிலேயே செய்து விற்கிறார்கள். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள், உள்ளே உருண்டைக் காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. உருண்டையாக இருந்தால் ஒரு தலைமுடியின் மேல் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நல்ல ஸ்படிகத்தில் ஏதாவது ஒரு கோணத்தில் முடி இரண்டாகத் தெரியும். கையில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏசி கடையில் எல்லாமே குளிரும். பளீர் ரோஸிலும் நீலத்திலும் வரும் அகேட் வில்லைகள் சாயம் ஏற்றியவை. பிடித்திருந்தால் வாங்குங்கள், சாயம் என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

கழுவுவதில்தான் அதிகம் கல் சாகிறது. பாத்ரூம் ஆசிட்டை எடுத்து ஊற்றிவிடுவார்கள். கால்சைட்டாக (சுண்ணாம்புத் தாது) இருந்தால் நுரைத்துக் கரைந்து போகும், கூர்மையான முகங்கள் எல்லாம் மழுங்கிவிடும். வெறும் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் முக்கால்வாசிக் கல்லுக்குப் போதும், ஜிப்சமும் கல்லுப்பும் என்றால் அந்தத் தண்ணீரும் கூடாது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு: ஒரு வாரம் மின்னும், அப்புறம் தூசி அப்பிக்கொண்டு மங்கும். நகையில் பதித்த மரகதத்தை ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட விடாதீர்கள், விரிசலை மறைக்க ஏற்றியிருக்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும். முத்தும் பவளமும் எலுமிச்சை, வினிகர் பக்கமே போகக்கூடாது. காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல் ஓங்கித் தட்டினால் தளம் தளமாகப் பிளக்கும்.

வைக்கும் இடத்தில் இரண்டு விஷயம். அமெதிஸ்ட்டை ஜன்னலோரம் வைத்தால் நம்மூர் வெயிலுக்கு ஊதா வெளுத்துப் போகும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டுக்கு எதிரி ஈரம், ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் அது கெடத் தொடங்கும்: தங்க நிறத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூக்கும், கந்தக வாடை வரும், உண்டாகும் அமிலம் பெட்டியையும் பக்கத்துக் கல்லையும் அரிக்கும். சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்த அம்மோனைட் (பழங்காலக் கடலுயிரிப் புதைபடிவம்) கல்லிலும் சிலவற்றில் தங்கரேகையாக ஓடுவது பைரைட்தான். பூஜையில் இருப்பது பூஜை முறைப்படி இருக்கட்டும், அபிஷேகம் முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். சேகரிப்பில் இருப்பதை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போடுங்கள், மழைக்காலத்தில் பாக்கெட்டை அடிக்கடி மாற்றுங்கள். பொடி பூத்ததை உடனே மற்ற கற்களிடமிருந்து பிரித்து, தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். அதன் சீட்டை டப்பாவுக்கு வெளியே ஒட்டுங்கள், உள்ளே இருந்தால் அதையும் அரித்துவிடும்.