மூட்டை தூக்கும் கைகளுக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டை குடோன் ஒன்றில் ஜவ்வரிசி மூட்டை அடுக்கப் போன முதல் வாரம், காலையில் எழுந்தால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. விரல்கள் அப்படி விறைத்துக் கிடந்தன. நானும் எல்லோரையும் போல இரவில் தைலம் தேய்த்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது, வலி போகவில்லை.

பிடியை மாற்றியதும்தான் குறைந்தது. மூட்டையின் மூலைக் காதை விரல் நுனியால் கிள்ளிப் பிடித்து இழுத்தால் பாரம் முழுக்க விரல்களில் விழும். உள்ளங்கையை அடியில் கொடுத்து, மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து, மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். விரலை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில்தான் இருக்கின்றன. அதனால் தேய்த்துவிடுவதானால் முழங்கைக்குக் கீழே தேயுங்கள்.

கையுறை அளவாக இருக்கட்டும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும், இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். ரப்பர் பூசிய நூல் கையுறை போதும்.

வீட்டுக்கு வந்ததும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், 10 நிமிடம். தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கள். வீங்கியிருந்தால் மட்டும் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.

அப்புறம், கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் நடு இரவில் எழுப்பினால் அது வெறும் அசதி அல்ல. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். தைலத்தை ஓரம் வைத்துவிட்டு அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.