முப்பரிமாண உடல் ஸ்கேன் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய அளவு

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் பி.எம்.ஐ., கொழுப்பு உடலில் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. தொடையில் படியும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து படியும் கொழுப்புதான் நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அபாயத்தை அதிகமாகக் கூட்டுகிறது. உடலின் மீது ஒளியைப் பாய்ச்சிக் கேமராக்களால் அதன் வடிவத்தைப் பதிவுசெய்யும் முப்பரிமாண ஸ்கேனர், எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லாமல் சில நொடிகளில் உடலின் சுற்றளவுகளைத் தந்துவிடும்.

ஆனால், கருவி பார்ப்பது உடலின் மேற்பரப்பை மட்டுமே. தளர்ந்த சட்டையையும் அது உடம்பாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், உடலை ஒட்டிய ஆடை அணிந்து, கூந்தலை உயர்த்திக் கட்டி, சிறுநீர் கழித்துவிட்டு, முடிந்தால் வெறும் வயிற்றில் நிற்க வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் சற்று விலக்கிப் பிடிக்காவிட்டால், கையும் இடுப்பும் சேரும் இடத்தை மென்பொருள் தானாக ஊகித்து நிரப்பும். இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த நிலையில் அளப்பது நல்லது. கேமராவின் முன் வயிற்றை உள்ளிழுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை அங்கே விட்டுவிட வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும், இடுப்புக் கோடு எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சில கருவிகளோ உடலின் மிகக் குறுகிய இடத்தைத் தேர்ந்துகொள்வதால், அளவு குறைவாகத் தெரியலாம். ஆகவே, விரலால் அந்த இரு எலும்புகளையும் தடவிக் கண்டறிந்து, நடுவே நாடாவைச் சுற்றி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் இடுப்பளவை உயரத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவரின் இடுப்பு 88 செ.மீ. என்றால் விடை 0.55. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பி.எம்.ஐ. 35க்குக் கீழுள்ள பெரியவர்களுக்கு 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடியிருக்கிறது என்றும், 0.6 முதல் அது மிகுதி என்றும் பொருள்.

அதே அறிக்கையில் வரும் கொழுப்பு விழுக்காடு நேரடியாக அளந்ததன்று. வடிவத்திலிருந்து சூத்திரத்தால் கணித்தது. அதைத் துல்லியமாக அறிய வேண்டுமானால் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் சிறிதளவு எக்ஸ்ரே இருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பை மதிப்பிடும் எடைக்கருவிகளைப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பயன்படுத்தக் கூடாது.

மறுமுறை அளக்கும்போது அதே கருவியில், நாளின் அதே வேளையில், இரண்டு மூன்று ஸ்கேன்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு மூச்சிலும் நிற்கும் விதத்திலும்கூட வந்துவிடும். விகிதம் 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அறிக்கையுடன் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.