செஸ்னா 152 (இருவர் அமரும் பயிற்சி விமானம்): எரிபொருளில் தண்ணீர் பார்க்கப் பழக்குவது

மட்டக்களப்பு வாவிக்காற்றில் ஈரம் அதிகம். அரைகுறையாக நிரம்பிய எரிபொருள் தாங்கிக்குள் இரவில் அது துளியாகப் படியும். மறுநாள் ஏறும் இருவரின் எடை இடங்கொடுத்தால், மாலையே தாங்கியை நிரப்பிவிடுங்கள்.

முதற் பறப்புக்கு முன்பும், எரிபொருள் நிரப்பிய ஒவ்வொரு முறையும், இரு இறக்கைகளின் அடி வால்விலிருந்தும் சோதனைக் குவளையில் கொஞ்சம் வடியுங்கள். இதன் எரிபொருளான ஏவ்காஸ் 100எல்எல் (விமானப் பெற்றோல்) நீல நிறம். தண்ணீர் கனம் கூடியது. அடியில் முத்துப்போல உருளும். மாணவர் ஏமாறுவது எங்கே தெரியுமா? குவளை முழுக்கத் தண்ணீர் என்றால் இரண்டையும் பிரிக்கும் கோடே தெரியாது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நீலத்தைத் தேடச் சொல்லுங்கள், மணந்தும் பார்க்கட்டும்.

தண்ணீர் கண்டால் இறக்கையை மெல்ல ஆட்டி, சுத்தமாக வரும்வரை வடியுங்கள். பிறகு எஞ்சின் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோல் இருக்கும் சிறு கதவுக்குள் உள்ள எரிபொருள் வடிகட்டிக் குமிழை நான்கு செக்கன் இழுத்துவிட்டு, ஒழுக்கு நின்றதா என்று குனிந்து பாருங்கள்.