சொந்த ஊரைப் படமெடுக்கும்போது

விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போதெல்லாம் நான் கோபுரங்களை விட்டுவிட்டு, காலை 6.30 மணிக்கே கேமராவுடன் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். கோபுரம் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும், பித்தளை டபராவில் காபி ஆற்றிக் கொடுக்கும் சிறிய கடை இருக்குமா என்பது தெரியாது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் 8 மணி வரை வெயில் சாய்வாக விழுவதால், வெளிச்சம் வரும் திசையை நோக்கி நின்று, நிழலில் இருக்கும் சுவரோ கடையின் இருண்ட உட்புறமோ பின்னணியாக அமையும்படி எடுத்தால், டம்ளரிலிருந்து எழும் ஆவி வெள்ளை இழையாகத் துலங்கும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதிவாகும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேமரா இருட்டைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட, ஆவியும் வெள்ளை வேட்டியும் வெளிறிப்போகும்.

அனுமதி கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள். “இருங்க தம்பி, சட்டையைப் போட்டுக்கிட்டு வந்துடறேன்” என்று கடைக்காரர் உள்ளே போனால், பொறுமையாகக் காத்திருங்கள். அவர் தம்மை எப்படிக் காட்ட விரும்புகிறாரோ அதுவும் அந்த ஊரின் படம்தான். எங்கள் வீட்டுப் பழைய படங்கள் பலவற்றில் எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. ஆகவே படத்தை அச்சிட்டு, பின்புறம் தெருப்பெயரும் தேதியும் எழுதி, ஒரு பிரதியை அடுத்த பயணத்தில் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.