பாழடைந்த வங்கியும் அதன் கல் சிங்கமும்: செய்யக்கூடாத சில காரியங்கள்

பல வருடம் பூட்டிக் கிடந்த பழைய வங்கிக் கட்டடம் யார் கைக்கு வந்தாலும் முதலில் கண்ணை உறுத்துவது முகப்பின் கறுப்புதான். வாசலுக்கு மேல் ஒரு சிங்கமுகம், பக்கத்தில் பழங்கள் வழியும் கொம்பு, தூண் தலைகளில் இலைச் சுருள், எல்லாமே கரி அப்பியது போல இருக்கும். உடனே யாராவது, "நல்லா அடிச்சுக் கழுவி விடுங்க" என்பார்கள். கட்டடம் சும்மா கிடந்த காலத்தில் ஆகாத சேதம் அந்த இரண்டு நாளில் ஆகிவிடும்.

சிங்கத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மழை படுகிற நெற்றியும் மூக்கும் வெளுத்திருக்கும். தாடைக்கு அடியிலும் பிடரி மடிப்புகளிலும்தான் கறுப்பு. சுண்ணாம்புக் கல்லும் சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட். புகையில் வரும் கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து, கல்லின் மேற்பரப்பையே ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. மழை பட்ட இடத்தில் அது கரைந்து போய்விடும். படாத இடத்தில் தங்கி, கரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆக, அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு மட்டும் இல்லை, கல்லின் தோலும் கூட. அதற்கு அடியில் கல் சில சமயம் சர்க்கரை போல உதிரும் நிலையில் இருக்கும். அதன்மேல் மணல் வீச்சு அடித்தால் கறுப்போடு உளித்தடமும் பிடரி மயிரும் சேர்ந்தே போகும்.

ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்புக் கல் நுரைத்துக் கரையும். கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துணுக்குகள் பிறகு துருப்பிடித்துக் கறையாகும். மெல்லிய நீர்த்தூவலை நிதானமாக விட்டு, மென்மையான பிரஷால் தேய்ப்பதுதான் சுண்ணாம்புக் கல்லுக்குப் பொதுவாக ஒத்துவரும். அதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, அது கல்தானா? பலர் கேட்கவே மறக்கும் கேள்வி இது. எலினார் கோட் 1769 முதல் லண்டனில் விற்ற 'கோட் கல்' உண்மையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட மண். அமெரிக்காவின் ஓவடோனா ஊரில் லூயிஸ் சல்லிவன் வடிவமைத்த 1908-ஆம் ஆண்டு வங்கியின் அலங்காரத்திலும் சுடுமண் நிறைய உண்டு. ஒரே இலை, அதே சிறு பிசகோடு பத்து இடத்தில் திரும்ப வந்தால் அச்சைச் சந்தேகப்படுங்கள். சுடுமண்ணின் மேல்பூச்சு ஒருமுறை போனால் போனதுதான்.

அடுத்தது சிமெண்ட். இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வகையான போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824-இல். பழைய சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். அது கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாக வெளியேறும். இணைப்புகளில் சிமெண்டை அடைத்தால் ஈரம் கல் வழியாகவே வெளியே வரும். கூடவே உப்பும் வந்து, செதுக்கிய முகம் செதில் செதிலாக உரியும். 'வாட்டர்ப்ரூஃப்' பூச்சும் பல சமயம் இதே வேலையைத்தான் செய்கிறது. அதைவிட, மேலே அடைத்துக்கொண்டிருக்கும் மழைநீர்க் குழாயை முதலில் சரிசெய்யுங்கள். கொடுங்கையில், அதாவது சுவரின் மேல் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், முளைத்த செடியை வெடுக்கென்று பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும்.

சிற்பத்தில் விரிசலும் அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே இரும்புக் கொக்கி இருக்கலாம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். விரிசலை மேலே பூசி மூடினால் கண்ணுக்குத்தான் நல்லது. ஏதென்ஸில் உள்ள பார்த்தெனான் கோயிலில் பழைய கிரேக்கர்கள் இரும்புக் கொக்கிகளை ஈயத்தில் பொதிந்து வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோயிலைப் பழுதுபார்த்த பொறியாளர் பலானோஸ் ஈயமில்லாமல் இரும்பை வைக்க, சலவைக்கல் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அதையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று.

சிறகு முளைத்த கோலில் இரண்டு பாம்பு சுற்றியிருந்தால், "முன்பு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும்" என்று கதை கட்டிவிடுவதும் உண்டு. அது வணிகத்தின் தெய்வமான மெர்க்குரியின் கோல். வங்கியில் இருப்பதுதான் நியாயம். மருத்துவத்துக்கு உரியது ஒற்றைப் பாம்புக் கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவே 1902-இல் இரட்டைப் பாம்பைச் சின்னமாக வைத்துக்கொண்டதால், குழம்புகிறவர்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

சிங்கத்துக்கு மூக்கு போயிருந்தால் புதிதாக வைக்கலாமா? பழைய புகைப்படம் இருந்தால் யோசிக்கலாம். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். மூக்கில்லாத சிங்கத்தோடு வாழலாம். யாரோ ஊகித்து வைத்த பூனை மூக்கோடு வாழ்வதுதான் கஷ்டம்.

அப்புறம், கீழே விழுந்த துண்டுகள். இலை நுனியும் சுருளும் இடிபாட்டோடு லாரியில் ஏறிவிடும். எந்தத் தூணடியில் கிடந்தது என்று படமெடுத்து, எண் எழுதிய சீட்டைக் கட்டி, தரையில் படாமல் மரக்கட்டை மேல் அடுக்குங்கள். பெயிண்டால் கல்மேலேயே எண் எழுத வேண்டாம். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றவும் வேண்டாம், உள்ளே வியர்த்துப்போகும்.